பள்ளியில் ஒரு ஃபிட்னெஸ் சென்டர்: கருவி வாங்கும் முன் எக்ஸெல் திறக்கலாம்

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் பாட்டு, சினிமா, கேம்ஸ் என்று நாட்கள் ஓடிவிடும். சில மாதங்கள் கழித்துத்தான் "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். எக்ஸெல் போன்ற ஸ்பிரெட்ஷீட் தொகுப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "இது கணக்குப்பிள்ளைகளுக்கானது" என்று மூடிவிடுபவர்கள் பலர். இந்தக் கட்டுரையில் அதே எக்ஸெல்லை வைத்து, ஒரு பள்ளியில் மாணவ மாணவியருக்கு உடற்பயிற்சிக் கூடம் அமைக்கத் திட்டமிடுவது எப்படி என்று பார்ப்போம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். செய்முறை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நான் சென்னையில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். ஊர், காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏனாத்தூர். எங்கள் வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றின் பழைய மாணவர்கள் சேர்ந்து 1,50,000 ரூபாய் திரட்டினார்கள். 9 முதல் 12 வரை படிக்கும் 240 பேருக்கு ஒரு ஃபிட்னெஸ் சென்டர் அமைக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. காலியாக இருந்த வகுப்பறை ஒன்றைத் தலைமையாசிரியை ஒதுக்கித் தந்தார். 1,00,000 ரூபாய்க்கு ஒரு டிரெட்மில், 50,000 ரூபாய்க்கு பெஞ்சும் எடைத் தட்டுகளும் என்று ஒரு கடையில் கொட்டேஷனும் வாங்கியாயிற்று. கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் வேலை எனக்கு வந்தது.

ஏன் இந்தக் கூடம் தேவை?

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், உடல் நன்றாக இயங்கும்படி விளையாடவோ உடற்பயிற்சி செய்யவோ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வாரத்தில் 3 நாட்களாவது மூச்சு வாங்கும் அளவு பயிற்சியும், தசையையும் எலும்பையும் உறுதியாக்கும் பயிற்சியும் சேர வேண்டும். நடப்பு வேறு. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2016-ல் உலகெங்கும் 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களில் 81 சதவீதம் பேருக்கு இந்த அளவு உடல் உழைப்பு இல்லை. பெண்களில் இது 85 சதவீதம். ஆண்களில் 78 சதவீதம்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். பஸ்ஸில் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, மாலையில் டியூஷன், இரவில் செல்போன் என்றால் ஏனாத்தூரும் ஒன்றுதான், அண்ணா நகரும் ஒன்றுதான்.

கூடம் கட்டும் முயற்சியும் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் 2016-ல் 500 கிராம ஊராட்சிகளில் அம்மா பூங்காவும் அம்மா உடற்பயிற்சிக் கூடமும் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024-ல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருட்கள் வழங்கப்பட்டன. ஆனால் பயிற்சியாளரும் பராமரிப்பும் இல்லாத சில கூடங்களில் கருவிகள் துருப்பிடித்துக் கிடப்பதாகச் செய்தித்தாள்களில் செய்திகளும் வந்தன. எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி "என்ன வாங்கலாம்?" என்பதல்ல. "யார், எப்போது, எத்தனை நிமிடம் பயன்படுத்துவார்கள்?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு விடை தர எக்ஸெல்லைவிட நல்ல கருவி இல்லை.

முதல் ஷீட்: பெயர்ப் பட்டியல்

புதிய ஒர்க்புக் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளை அமைக்கவும்: எண், வகுப்பு, பிறந்த தேதி, ஆண்/பெண், ஊர், பஸ். கடைசி நெட்டு வரிசையில், மாலை பள்ளி விட்டதும் பஸ் பிடிக்க வேண்டியவர்களுக்கு "ஆம்" என்றும், மற்றவர்களுக்கு "இல்லை" என்றும் டைப் செய்ய வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விண்டோஸில் நாடு அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், 12/06 என்று நீங்கள் தரும் தேதியை டிசம்பர் 6 என்று கம்ப்யூட்டர் எடுத்துக் கொள்ளும். ஜூன் 12-ல் பிறந்த பையனின் வயது ஆறு மாதம் குறைந்துவிடும். கண்ட்ரோல் பேனல் சென்று ரீஜியன் பிரிவில் இந்தியா என்று மாற்றிக்கொண்டு டைப் செய்யத் தொடங்குங்கள்.

பட்டியல் முடிந்ததும் தலைப்பு வரிசையில் ஏதேனும் ஒரு செல்லில் கர்சரை வைத்து, டேட்டா மெனு சென்று பில்டர் என்பதைக் கிளிக் செய்யவும். ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு சிறிய அம்புக்குறி தோன்றும். "ஆண்/பெண்" தலைப்பில் "பெண்" என்பதையும், "பஸ்" தலைப்பில் "ஆம்" என்பதையும் மட்டும் தேர்ந்தெடுங்கள். கீழே ஸ்டேட்டஸ் பாரில் 240-ல் எத்தனை வரிசைகள் கிடைத்தன என்று தெரியும்.

எங்கள் பட்டியலில் 62 என்று வந்தது. மொத்த மாணவிகள் 110 பேர். பாதிக்கு மேற்பட்டோர் மாலை 4.25 பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். மாணவர்கள் 130 பேரில் பஸ்ஸில் போகிறவர்கள் 48 பேர். ஆக 110 பேருக்கு மாலை நேரம் என்ற ஒன்று கிடையாது.

முதலில் பேசப்பட்ட திட்டமோ, மாலை மட்டும் கூடம் திறப்பது. அப்படித் திறந்திருந்தால் அது உள்ளூர்ப் பையன்களின் கூடமாகத்தான் ஆகியிருக்கும். யாரும் மாணவிகள் வரக்கூடாது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பஸ் சொல்லியிருக்கும்.

இரண்டாம் ஷீட்: நிமிடக் கணக்கு

ஒர்க்புக்கின் கீழே உள்ள டேபில் இரண்டாவது ஷீட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக இந்த எண்களை அமைக்கவும்: கருவிகளின் எண்ணிக்கை, ஒரு வேளையின் நீளம், ஒருவருக்கு வேண்டிய நிமிடம், வாரத்தில் எத்தனை வேளை, மொத்த மாணவர்கள்.

ஒரு டிரெட்மில். ஒரு வேளை 45 நிமிடம். ஒருவருக்கு 10 நிமிடம் என்றால், ஏறி இறங்கும் நேரம் போக 4 பேர். வாரம் 5 மாலை என்றால் 20 பேர். 240-ஐ 20-ஆல் வகுக்க வேண்டும். காலியான ஒரு செல்லில் சமன் குறி (=) டைப் செய்து, 240 உள்ள செல்லில் மவுஸால் கிளிக் செய்து, வகுத்தல் குறி (/) போட்டு, 20 உள்ள செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். விடை 12.

அதாவது ஒரு மாணவருக்குப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம். அதற்கு விலை ஒரு லட்சம் ரூபாய்.

பள்ளியில் நடந்த கூட்டத்தில் இந்த ஷீட்டைத் திரையில் காட்டினேன். நிதி திரட்டிய அண்ணன் ஒருவர், "என்னப்பா, கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுதா?" என்றார். "கணக்கு சரிதாண்ணே. நீங்களே எண்ணை மாத்திப் பாருங்க" என்று கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினேன். கருவிகள் என்ற செல்லில் 2 என்று மாற்றினார். விடை 6 ஆனது. 3 என்று மாற்றினார். 4 ஆனது. மூன்று லட்சம் செலவழித்தாலும் மாதத்துக்கு ஒரு முறைதான்! உடற்கல்வி ஆசிரியர் சிரித்துவிட்டு, "தம்பி, மிஷினை விட்டுடுங்க. தரையில எத்தனை பேர் செய்யலாம், அதைப் போடுங்க" என்றார்.

ஸ்பிரெட்ஷீட்டின் பலம் இதுதான். எண்ணை மாற்றினால் விடை தானாக மாறும். யாரும் யாரோடும் வாக்குவாதம் செய்யத் தேவையில்லை.

தரைக் கணக்கைப் போட்டோம். அறை 20 அடிக்கு 24 அடி. 480 சதுர அடி. கையை விரித்து நிற்கவும், பாயில் படுத்து எழவும் ஒருவருக்கு 40 சதுர அடி என்று வைத்தால் 12 பேர். இன்னொரு 12 பேர் வெளியே மைதானத்தில். பாதி நேரத்தில் இரு குழுவும் இடம் மாறிக் கொள்ளலாம். ஒரு வேளைக்கு 24 பேர். காலை 8.15 முதல் 9.00 வரை ஒரு வேளை, மாலை 4.20 முதல் 5.05 வரை ஒரு வேளை. ஐந்து நாளில் 10 வேளை. 24-ஐ 10-ஆல் பெருக்கினால் 240 இடங்கள். மாணவர்களும் 240 பேர்!

ஆக ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு முறை 45 நிமிடம். இதோடு பள்ளியில் ஏற்கெனவே உள்ள இரண்டு பி.டி. பீரியடுகளையும் சேர்த்தால் வாரம் 3 நாள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அந்த 3 நாள் கணக்கு வந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 60 நிமிடம் என்ற கணக்கு இதில் முழுமையாக வராது. மீதியை விளையாட்டும் சைக்கிளும் வீட்டு வேலையும்தான் தர வேண்டும்.

பஸ் பிள்ளைகள் 8.05-க்கே பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். எனவே 110 பேருக்கும் காலை வேளை. காலையில் 120 இடம் இருப்பதால் 10 இடம் மீதி. உள்ளூர்ப் பிள்ளைகள் 130 பேர்; மாலையில் 120 இடம்தான். அவர்களில் 10 பேர் காலைக்கு மாற வேண்டும். யார் மாறுவது?

கம்ப்யூட்டரில் குடவோலை

உத்திரமேரூர் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு விடை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடத்தில் ஓலை போட்டு உறுப்பினரைத் தேர்வு செய்யும் முறையை விளக்குகின்றன. எக்ஸெல்லில் குடமும் ஓலையும் ஒரே பங்ஷனில் அடங்கிவிடுகின்றன.

உள்ளூர் மாணவர் பட்டியலைத் தனி ஷீட்டில் காப்பி செய்து, பக்கத்தில் ஒரு நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். பார்முலா பாருக்கு இடதுபுறம் உள்ள இன்சர்ட் பங்ஷன் பட்டனைக் கிளிக் செய்து, ராண்ட் என்ற பங்ஷனைத் தேர்ந்தெடுக்கவும். 0-க்கும் 1-க்கும் இடையில் ஏதேனும் ஓர் எண் கிடைக்கும். செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு புள்ளியைப் பிடித்துப் பட்டியலின் கடைசி வரை இழுத்தால், எல்லோருக்கும் ஓர் எண் வந்துவிடும். ஆனால் நீங்கள் ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும் இந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். எனவே அந்த வரிசையைக் காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷல் சென்று, வேல்யூஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள். பிறகு அந்த வரிசைப்படி சார்ட் செய்து முதல் 10 பேரை எடுக்கலாம். மாணவர்கள் முன்னிலையில் செய்தால் முணுமுணுப்பு இருக்காது.

45 நிமிடத்தில் என்ன செய்வது?

உடற்கல்வி ஆசிரியர் வகுத்துத் தந்த பட்டியல் இது. முதல் 6 நிமிடம் உடலைச் சூடேற்றுதல். அடுத்த 16 நிமிடம் உள்ளே அல்லது வெளியே. இடம் மாற 1 நிமிடம். மீண்டும் 16 நிமிடம். கடைசி 6 நிமிடம் மூச்சை ஆற்றி, தசைகளை நீட்டுதல். கூட்டினால் 45.

உள்ளே ஆறு நிலையங்கள். தண்டால், பஸ்கி, பிளாங்க், ரெசிஸ்டன்ஸ் பேண்ட் இழுத்தல், மெடிசின் பால், கர்லாக்கட்டை. ஒரு நிலையத்தில் இருவர். 40 விநாடி பயிற்சி, 20 விநாடி ஓய்வு, பிறகு அடுத்த நிலையம். தண்டால் எடுக்க முடியாதவர்கள் முழங்காலை ஊன்றி எடுக்கலாம். வெளியே ஸ்கிப்பிங், ஓட்டம், கம்பியில் தொங்குதல்.

"எடை தூக்கினால் உயரம் வளராது" என்று பெற்றோர் சிலர் பயப்படுவதுண்டு. சரியான முறையில், பயிற்றுநர் பார்வையில் செய்யும் எடைப் பயிற்சி வளரும் பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சியைப் பாதிப்பதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2020-ல் வெளியிட்ட அறிக்கை தெளிவாக்கியுள்ளது. நிபந்தனை ஒன்றுதான்: முதலில் முறை, அதன் பிறகு எடை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் அறை பூட்டியிருக்க வேண்டும்.

மூன்றாம் ஷீட்: பட்ஜெட்

பொருள், எண்ணிக்கை, விலை, தொகை என்று நான்கு நெட்டு வரிசைகள். தொகை என்பது எண்ணிக்கையை விலையால் பெருக்குவது. எங்கள் பட்டியல் இதோ:

யோகா பாய் 12 (5,400 ரூபாய்), ஸ்கிப்பிங் கயிறு 24 (1,920), ரெசிஸ்டன்ஸ் பேண்ட் 12 (3,000), மெடிசின் பால் 4 (3,600), கர்லாக்கட்டை 6 (4,200), வெல்டரிடம் செய்த தொங்கும் கம்பி (6,500), ஸ்டாப்வாட்ச் 2 (700), எடை மெஷின் (1,400), உயரம் அளக்கும் டேப் (300), தச்சரிடம் செய்த நீட்டல் அளவுப் பெட்டி (1,200), முதலுதவிப் பெட்டி (1,000), ஃபேன் 2 (4,400).

தொகை வரிசைக்குக் கீழே கர்சரை வைத்து ஆட்டோசம் பட்டனை அழுத்தினால் 33,620 என்று வரும்.

மீதிப் பணத்தில் இரண்டு செலவுகள் சேர்ந்தன. காலையில் வரும் பிள்ளைகள் பலர் சாப்பிடாமல் பஸ் ஏறுகிறவர்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு பிடி சுண்டல்: நாளுக்கு 24 பேர், ஆளுக்கு 8 ரூபாய், வாரம் 5 நாள், 40 வாரம் என்றால் 38,400 ரூபாய். இரண்டாவது, மாணவிகள் உடை மாற்ற தாழ்ப்பாளும் தண்ணீர்க் குழாயும் உள்ள ஓர் அறை: 60,000 ரூபாய். இந்த வரியைச் சேர்க்கச் சொன்னவர் தலைமையாசிரியை. "ரூம் இல்லேன்னா பொண்ணுங்க முதல் வாரம் வருவாங்க, ரெண்டாவது வாரம் வர மாட்டாங்க" என்றார். யாரும் மறுக்கவில்லை. மொத்தம் 1,32,020. மீதி 17,980 ரூபாய் பழுதுபார்க்க. டிரெட்மில்லுக்கும் பெஞ்சுக்கும் எடைத் தட்டுகளுக்கும் ஆகவிருந்த தொகைக்குள் 240 பேருக்கும் இடம், சுண்டல், அறை எல்லாம் சேர்ந்து அடங்கிவிட்டன.

நான்காம் ஷீட்: அளவுகள்

2019-ல் வெளியான கேலோ இந்தியா ஆப், பள்ளி மாணவர்களின் உடல் திறனை அளக்கச் சில எளிய சோதனைகளை வைத்துள்ளது. உயரம், எடை, 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து முன்னால் நீட்டுதல், வயிற்றுப் பயிற்சி, தண்டால் ஆகியவை. இவற்றையே எங்கள் ஷீட்டின் தலைப்புகளாக்கினோம்.

ஓட்ட நேரத்தை 4:10 என்று டைப் செய்யாதீர்கள். எக்ஸெல் அதை நான்கு மணி பத்து நிமிடம் என்று எடுத்துக் கொள்ளும். விநாடியாக மாற்றி 250 என்று கொடுங்கள்.

பி.எம்.ஐ. என்பது கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. 150 செ.மீ. உயரமும் 40 கிலோவும் உள்ள 14 வயதுப் பையனுக்கு 17.8 வரும். 18.5-க்குக் கீழே இருந்தால் ஒல்லி என்பது பெரியவர்களுக்கான அளவு. வளரும் பிள்ளைகளுக்கு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு அட்டவணைப்படி இந்தப் பையன் சரியான எடையில்தான் இருக்கிறான். அந்நிறுவனத்தின் ஆந்த்ரோ பிளஸ் என்ற இலவச சாஃப்ட்வேர் 5 முதல் 19 வயது வரை இந்தக் கணக்கைச் செய்து தரும்.

எளிதில் களைத்துப் போகும் மாணவியைச் சோம்பேறி என்று முடிவு கட்ட வேண்டாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. ஷீட்டில் ஒரு குறிப்பு எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

யாரோடு ஒப்பிடுவது?

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து நேப்பர்வில் நகரில் ஃபில் லாலர் என்ற உடற்கல்வி ஆசிரியர், 1990-களில் மாணவர்களுக்கு இதயத் துடிப்பு மானி கட்டி ஓடவிட்டார். மெதுவாக ஓடிய மாணவி ஒருத்தியின் துடிப்பைப் பார்த்தபோது, அவள் தன்னால் முடிந்த எல்லை வரை உழைத்திருந்தது தெரிந்தது. அதன்பின் வேகத்துக்குப் பதில் முயற்சிக்கே மதிப்பெண் என்று அங்கு முறை மாறியது. டாக்டர் ஜான் ரேட்டி 2008-ல் எழுதிய ஸ்பார்க் என்ற நூலில் இது விரிவாக உள்ளது.

மானி இல்லாமலும் இதைச் செய்யலாம். மணிக்கட்டில் 15 விநாடி நாடி பார்த்து, 4-ஆல் பெருக்கினால் துடிப்பு. ஷீட்டில் ரேங்க் என்ற நெட்டு வரிசையே வேண்டாம். "முன்னேற்றம்" என்று போடுங்கள். முதல் நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து, முதல் நேரத்தால் வகுத்து, பர்சென்ட் பட்டனை அழுத்துங்கள். எங்கள் பட்டியலில் 17-ஆம் எண் மாணவர் 600 மீட்டரை 125 விநாடியில் ஓடினார். இரண்டு மாதம் கழித்து 124. முன்னேற்றம் 0.8 சதவீதம். 37-ஆம் எண் மாணவிக்கு 250 விநாடி 232 ஆனது. 7.2 சதவீதம். ரேங்க் போட்டிருந்தால் இவர் கடைசி வரிசையில் இருந்திருப்பார்.

இந்த ஷீட்டில் பெயருக்குப் பதில் எண் மட்டும் இருக்கட்டும். அந்த வயதில் எடை என்பது கேலிக்கு உள்ளாகும் விஷயம். பைல் மெனுவில் இன்ஃபோ சென்று, புரொடெக்ட் ஒர்க்புக் என்பதில் பாஸ்வேர்ட் கொடுத்துவிடுங்கள். சுவரில் ஒட்டுவதும் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் கூடாது. அளக்கும் முன் பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் இப்படி ஒரு கணக்குப் போட்டுத் தரலாம். பழைய மாணவர்கள் அரசுப் பள்ளிக்கு உதவ, 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் வழி செய்கிறது. நான்கு ஷீட்டுகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைக்குப் போய்க் கருவி கேட்கும் முன் தலைமையாசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை பிள்ளைகள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு?